பினாங்கில் தனியாக ஒரு நாள்: வயிற்றைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

கேள்வி: அலுவலக வேலையாகக் கோலாலம்பூர் போகிறேன். வெள்ளி இரவு பினாங்கு வந்து, சனிக்கிழமை முழுக்க அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனைச் சுற்றிவிட்டு ஞாயிறு காலை திரும்ப வேண்டும். வெளிநாட்டில் தனியாகச் சுற்றுவது இதுதான் முதல் தடவை. மாடு, பன்றி சாப்பிட மாட்டேன், மற்றதெல்லாம் ஓகே. நெட்டில் பார்த்தால் ஆளாளுக்கு 20 இடம், 30 சாப்பாடு என்று அடுக்குகிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது? வெயிலை எப்படிச் சமாளிப்பது? (கோவை வாசகி)

பதில்: முதலில் அந்தப் பட்டியல்களை மூடி வையுங்கள். நாலு பேராகப் போனால் நாலு தட்டு வாங்கி ஆளுக்கு ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகரலாம். உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு வயிறு, அது எவ்வளவு முட்டினாலும் ஒரு நாளைக்கு நாலு தடவை, மிஞ்சினால் ஐந்து தடவைதான் உருப்படியாகச் சாப்பிடும். அதனால் எந்த நேரத்துக்கு என்ன சாப்பாடு என்று முதலில் முடிவு பண்ணிவிட்டு, நடுவில் இருக்கிற இடைவெளியில் இடங்களைச் செருகுங்கள். பினாங்குக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஊர் பார்க்கிற ஆசையில் காலை பத்து மணிக்கே முழுத் தட்டு நாசி கண்டார் (பல குழம்பு ஊற்றிய சோறு) சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரை அறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக் கிடந்தவன் சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கு அங்கே இருட்டு விலகியும் விலகாமலும் இருக்கும். சூரிய உதயமே ஏழேகால் வாக்கில்தான். அதேபோல மாலை ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். ஆக காலையில் பதினொன்று வரை, அப்புறம் நாலரைக்கு மேல், இவைதான் உங்கள் நடைக்கான நேரம். நடுவில் உள்ள நேரத்தில் வெளியே அலைந்தால் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும். பழைய நகரம் சின்னது, ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்கு அரைமணி நேரத்தில் நடந்துவிடலாம். கடைகளின் முன்பக்கம் 'காக்கி லீமா' என்று ஐந்தடி அகலத்துக்குக் கூரையோடு ஒரு நடைபாதை ஓடும், நம் ஊர்த் திண்ணையை நீளமாக இழுத்து விட்ட மாதிரி. முடிந்தவரை அதற்குள்ளேயே நடங்கள். பாதி இடத்தில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தி அடைத்திருப்பார்கள், அங்கே மட்டும் சாலைக்கு இறங்கி ஏற வேண்டியதுதான்.

காலைக்கு ஒரு ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி), ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ), போதும். ரெண்டாவது ரொட்டி கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள். அங்கே டீயில் ஊற்றுவது கெட்டியான இனிப்புப் பால், 'கூராங் மானிஸ்' என்று சொன்னால் இனிப்பைக் குறைப்பார்கள். பாலும் சர்க்கரையும் இல்லாமல் வேண்டுமென்றால் 'தே ஓ கோசோங்'.

சாப்பிட்டதும் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்ற சாலைக்குப் போங்கள். 1801-ல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் இந்த ஒரே சாலையை ஒட்டி இருக்கின்றன. பக்கத்துத் தெருவான குயின் ஸ்ட்ரீட்டில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே பார்த்துவிடுங்கள். அப்படியே ஆர்மேனியன் தெருவுக்கு நடந்தால் 2012-ல் வரைந்த சைக்கிள் குழந்தைகள் சுவரோவியம் வரும். அதன் முன்னால் போட்டோ எடுக்க வரிசை நிற்கும். நின்றே ஆக வேண்டும் என்றில்லை, ஓவியத்தைவிட அந்தத் தெருவின் பழைய மரக்கதவுகள் அழகு.

பதினொன்றரைக்கு அசாம் லக்சா, அதாவது புளிப்பான மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். நாள் முழுக்க ஒன்றே ஒன்றுதான் சாப்பிட முடியும் என்றால் இதைத்தான் சாப்பிடச் சொல்வேன், உங்கள் கட்டுப்பாட்டுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் குழம்பு முழுக்க மீன். நம் அயிலை மாதிரியான கெம்போங் மீனை வேகவைத்து உதிர்த்து, புளியும் 'அசாம் கெப்பிங்' என்கிற காய்ந்த புளிப்புத் துண்டும் (நம் குடம்புளியின் உறவுக்காரர்) போட்டுக் கொதிக்க விடுவார்கள். வழுவழுவென்ற தடித்த அரிசி நூடுல்ஸ் மேல் அதை ஊற்றி வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, பொடியாக நறுக்கிய இஞ்சிப்பூ மொட்டு எல்லாம் தூவித் தருவார்கள். கரண்டியில் கறுப்பாகத் தேன் பதத்தில் ஒன்று வரும், அது 'ஹே கோ' என்கிற இறால் விழுது. எடுத்த எடுப்பில் கலக்காதீர்கள். முதலில் வெறும் குழம்பு ரெண்டு வாய், அப்புறம் விழுதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். வாசனை முதலில் முகத்தைச் சுளிக்க வைக்கும், மூணாவது வாயில் பழகிவிடும்.

தனியாகச் சாப்பிடக் கூச்சமாக இருக்குமோ என்று யோசித்தால், அந்த ஊரில் அந்தப் பிரச்சினையே இல்லை. காப்பிக் கடைகளில் பாதிப் பேர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே நடைமுறை இதுதான்: ஒரே கூரைக்குக் கீழே பல சாப்பாட்டு வண்டிக்காரர்கள் இருப்பார்கள். முதலில் மேசையைப் பிடித்து அதன் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், வண்டியில் போய் வேண்டியதைச் சொல்லி எண்ணையும் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள், தட்டு வந்ததும் காசு கொடுங்கள். குடிக்க என்ன வேண்டும் என்று வேறொருவர் வந்து கேட்பார். காப்பிக் கடைக்காரருக்கு முக்கிய வருமானம் அதில்தான், அதனால் ஏதாவது ஒன்று வாங்குவது மரியாதை. இடம் பிடிக்கக் குடையை வைத்துவிட்டுப் போகலாம், போனையோ பையையோ வைக்காதீர்கள். கூட்டமாக இருந்தால் முன்பின் தெரியாதவர் மேசையில் 'அடா ஓராங்?' (ஆள் இருக்கா?) என்று கேட்டுவிட்டு உட்காரலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

மதியம் சர்ச் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பினாங்கு பெரனாக்கான் மாளிகைக்குள் புகுந்துவிடுங்கள். 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஒரு சீனப் பெருந்தனக்காரர் கட்டிய வீடு, இப்போது அருங்காட்சியகம். நகை, பீங்கான், செதுக்கிய மரத்தட்டிகள் என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். வெளியே வந்ததும் ஒரு கிண்ணம் செண்டோல், அதாவது துருவிய ஐஸ், தேங்காய்ப் பால், பனஞ்சர்க்கரைப் பாகு, பச்சை நிறச் சேமியா போல ஒன்று, கொஞ்சம் சிவப்பு பீன்ஸ். அப்புறம் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் தூங்குங்கள். ஊர் பார்க்க வந்துவிட்டுத் தூங்குவதா என்று நினைக்காதீர்கள், சாயங்காலம் உங்கள் காலுக்குத் தெரியும். மழை கொட்டுவதும் பெரும்பாலும் அந்தப் பொழுதில்தான்.

பினாங்கு மலையை விட்டுவிடுங்கள். 1923-லேயே ஓட ஆரம்பித்த மலை ரயில், நல்ல அனுபவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை வரிசையில் நின்று ஏறி இறங்கி வருவதற்குள் பாதி நாள் போய்விடும்.

ஐந்து மணிக்குக் கடலோரம் சூ ஜெட்டிக்கு வாருங்கள். கடலுக்குள் கம்பம் நட்டு அதன்மேல் பலகை போட்டுக் கட்டிய சீனக் குடும்பங்களின் வீடுகள், ஒரே குலப்பெயர்க்காரர்கள் சேர்ந்து வாழ்கிற தெரு. மனிதர்கள் குடியிருக்கும் வீடு என்பதை மறந்து ஜன்னலுக்குள் கேமராவை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பலகை முடிகிற இடம் வரை போய் உட்காருங்கள், காற்று அள்ளிக்கொண்டு போகும்.

கடைசியாக நாசி கண்டார். துறைமுகத் தொழிலாளிகளுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி மாதிரி கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தூக்கிப்போய் விற்ற சாப்பாடு இது. அந்தக் கம்பின் பெயர்தான் கண்டார். இங்கே நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். பன்றி இருக்காது, ஆனால் மாட்டுக்கறி இருக்கும். சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவதுதான் இதன் ருசியே, 'பஞ்ஜிர்' (வெள்ளம்) என்று கேட்டால் தட்டே மிதக்கும். அதில் மாட்டுக் குழம்பும் சேர்ந்துவிடும். கரண்டியைத் தூக்கும் முன்பே 'அண்ணே, மாட்டுக் குழம்பு வேண்டாம், கோழியும் மீனும் மட்டும் ஊத்துங்க' என்று தமிழிலேயே சொல்லுங்கள், பரிமாறுகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தெரியாதவர் என்றால் 'தக் மாவ் டாகிங்' (மாட்டுக்கறி வேண்டாம்). சோறு பாதி கேளுங்கள். பெரிய இறாலும் மீன்முட்டையும் கண்ணைப் பறிக்கும், விலையைக் கேட்டுவிட்டுக் கை காட்டுங்கள்.

சார் குவே தியாவ் (வதக்கிய தட்டை அரிசி நூடுல்ஸ்) பற்றி எழுதவில்லையே என்று பார்ப்பீர்கள். சீன வண்டிகளில் அதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம், ஹலால் பலகை உள்ள கடையில் மட்டும் சாப்பிடுங்கள். அதில் போடும் 'கெராங்' சிப்பி அரைவேக்காடாக இருக்கும், வயிற்றை நம்ப முடியாது என்றால் அது இல்லாமல் கேளுங்கள். இல்லாவிட்டால் நம்மவர் கைப்பக்குவமான மாமாக் மீ கோரெங் (தமிழ் முஸ்லிம் கடைகளில் கிடைக்கும் வறுத்த நூடுல்ஸ்) வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

கிளம்பும் முன் ரெண்டு விஷயம். மலேசியாவுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் வருகை அட்டையை நிரப்பிவிடுங்கள். அப்புறம், ஆசைப்பட்ட கடைக்கு எப்போது வார விடுமுறை, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று வெள்ளி இரவே விடுதியில் விசாரியுங்கள். காலைக் கடைகள் பலவும் மதியம் ஒன்றுக்கெல்லாம் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள்.