மேட்டூர் அணையில் மீன் பிடிக்கும் 12 அடிப் படகுக்கு எந்த மின் மோட்டார், எந்த பேட்டரி வாங்கலாம்?

12 அடி ஃபைபர் படகு, இரண்டு ஆள், கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி வலை. பெட்ரோல் இன்ஜின் வேண்டாம். 55 பவுண்டு மின் மோட்டார் இழுக்குமா, வீட்டில் சும்மா இருக்கும் 150 ஆம்பியர் அவர் (Ah) இன்வெர்ட்டர் பேட்டரியையே வைத்து ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மோட்டார் இழுக்கும். அந்த பேட்டரி வேண்டாம்.

எனக்கு மேட்டூரில் இன்வெர்ட்டர், பேட்டரி வேலை. என் மனைவியின் அண்ணன் பண்ணவாடிப் பக்கம் உரிமம் வாங்கி மீன் பிடிக்கிறவர். அவர் படகுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்தது நான்தான். இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி பார்த்துவிட்டோம். அதனால் மோட்டாரைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன், பேட்டரியைப் பற்றி நிறையச் சொல்வேன். தண்ணீரில் நம்மை நிறுத்திவைப்பது பெரும்பாலும் பேட்டரிதான்.

மோட்டாரை முதலில் முடித்துவிடுகிறேன். தள்ளு விசையைப் பவுண்டில் சொல்வார்கள். படகு, ஆள், வலை, மீன், பேட்டரி எல்லாம் சேர்ந்த எடையில் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் 2 பவுண்டு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் படகு நிறை பாரத்தில் 300 கிலோ வரும் என்று வைத்தால் 13, 14 பவுண்டு போதும் என்று கணக்கு சொல்லும். அது காற்றே இல்லாத குளத்துக்கு. நம் அணையில் ஆடிக் காற்று அடிக்கும்போது 30 பவுண்டு மோட்டாரை வைத்துக்கொண்டு நடுத்தண்ணீரில் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. 55 சரியான அளவு. 12 வோல்ட்டில் ஒரே பேட்டரியில் ஓடும், முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 80 பவுண்டுக்குப் போனால் 24 வோல்ட், அதாவது இரண்டு பேட்டரி. 12 அடிப் படகுக்கு அது தேவையில்லை. இவ்வளவு சின்னப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதற்கு மேல் கொடுக்கிற கரண்ட் எல்லாம் அலையாகத்தான் போகும்.

வாங்கும்போது வேகத்தை 1, 2, 3 என்று படிகளாகப் பிரிக்காமல், ரேடியோ வால்யூம் போலத் திருப்பி எந்த அளவுக்கும் கூட்டும் வகையாகப் பாருங்கள். ஐந்து படி வைத்த மலிவான மோட்டாரில் மெதுவாக ஓட்டினாலும் கொஞ்சம் கரண்ட் சூடாக வீணாகும். டார்கீடோ, இபுரொபல்ஷன் மாதிரி பேட்டரியோடு சேர்ந்து வரும் மோட்டார்கள் இருக்கின்றன, அருமையானவை. ஆனால் விலை லட்சத்தைத் தாண்டும், பழுதென்றால் நம் ஊரில் திறந்து பார்க்க ஆள் கிடையாது. தினம் வலை போட்டுப் பிழைக்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சரி, பேட்டரி.

உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி மேல் 150 என்று எழுதியிருப்பது 20 மணி நேரக் கணக்கு. ஏழரை ஆம்பியராக மெல்ல உறிஞ்சினால்தான் அந்த 150 கிடைக்கும். மோட்டார் 50 ஆம்பியராக இழுத்தால் அதே பேட்டரி 100 ஆம்பியர் அவர் கொடுப்பதே பெரிது. அதையும் அடிவரை காலி செய்தால் தகடு சீக்கிரம் போய்விடும், பாதியோடு நிறுத்த வேண்டும். ஆக உங்கள் கையில் நிஜமாக இருப்பது 50. அதற்காக 55, 60 கிலோ எடையைப் படகில் ஏற்றுகிறீர்கள். கூடவே ஆசிட். அலையில் படகு சாய்ந்தால் மூடி வழியாகக் கசியும், வலையின் நைலான் நரம்பில் பட்டால் அந்த இடம் நைந்துபோகும். நாங்கள் முதலில் இதைத்தான் செய்தோம். மூன்று மாதத்தில் பேட்டரியைத் திரும்ப வீட்டு இன்வெர்ட்டருக்கே கொண்டுபோனோம். கார் பேட்டரி இன்னும் மோசம். ஒரு நொடி வேகமாகக் கொடுத்து வண்டியை எழுப்பத்தான் அது இருக்கிறது, மணிக்கணக்காக இழுத்தால் தாங்காது.

வாங்க வேண்டியது லித்தியம் அயன் பாஸ்பேட், 12.8 வோல்ட், 100 ஆம்பியர் அவர். சுமார் 1,280 வாட் அவர். எடை 11, 12 கிலோ, ஒரு கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். வேகமாக இழுத்தாலும் எழுதியிருப்பதில் பெரும்பகுதி கிடைக்கும், 80 சதவீதம் வரை எடுத்தாலும் ஆயுள் பெரிதாகக் குறையாது. ஆனால் இதிலும் ஏமாற இடம் இருக்கிறது. நாங்கள் ஏமாந்த கதையைச் சொன்னால்தான் புரியும்.

இரண்டாவதாக வாங்கியது லித்தியம்தான். ஒரு கடையில் கொஞ்சம் விலை குறைவாகக் கிடைத்தது. உறையில் 100 என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஆடி மாதம். முந்தின நாள் சாயங்காலம் வலை விட்டுவிட்டு வந்தோம். பாதிக்கு மேல் இருக்கும் என்ற நம்பிக்கையில் சார்ஜ் போடவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் போனோம். காற்று முதுகில் அடித்ததால் படகு பறந்தது. வலையில் கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும் நல்ல பாடு. தூக்கி முடித்துத் திரும்பி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, மோட்டார் நின்றது. மெதுவாகி நிற்கவில்லை, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது.

"என்ன மாப்ள, நின்னு போச்சு?"

"பேட்டரி கட் ஆயிடுச்சு மச்சான்."

அவர் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. துடுப்பை எடுத்தார். பண்ணவாடி மேற்குக் கரை. ஆடியில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். போகும்போது தள்ளிவிட்ட அதே காற்று, திரும்பும்போது எங்களை எதிர்க்கரை நாகமரைப் பக்கம் தள்ளியது. பத்து துடுப்பு போட்டால் எட்டு துடுப்பு தூரத்தைக் காற்று திரும்ப வாங்கிக்கொண்டது. கரை சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். என் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். வியாபாரி காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைய மீனைக் கிடைத்த விலைக்குக் கொடுத்தோம். உயிர் ஜாக்கெட் போட்டிருந்ததால் எனக்கு அந்த அளவுக்காவது தைரியம் இருந்தது. நீச்சல் தெரிந்தாலும் அதைப் போடாமல் ஏறாதீர்கள்.

வீட்டுக்கு வந்து அந்த பேட்டரியை முழுசாகச் சார்ஜ் செய்து, நான்கு ஹெட்லைட் பல்பை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 18 ஆம்பியர். 100 இருந்தால் ஐந்தரை மணி நேரம் எரிய வேண்டும். மூன்று மணி இருபத்தைந்து நிமிடத்தில் நான்கும் ஒன்றாக அணைந்தன. கணக்கு போட்டால் 61. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. அது என்னை இன்றைக்கும் உறுத்துகிறது, ஏனென்றால் அதைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் முன்பே நான் பல்பு மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். என் தொழிலே அதுதான்.

அதனால் நீங்கள் எங்கே வாங்கினாலும் முதலில் எடை போடுங்கள். 100 ஆம்பியர் அவர் செல் ஒன்று சுமார் 2 கிலோ, உள்ளே நான்கு இருக்க வேண்டும், அதற்கு மேல் பெட்டியும், கரண்ட் அளவு மீறினால் பேட்டரியை அணைத்துவிடும் பாதுகாப்பு போர்டும். மொத்தம் ஏழு கிலோ காட்டினால் உள்ளே 100 இல்லை. அப்புறம் பல்பு மாட்டிப் பார்ப்பது. ஒரு பகல் போகும், போகட்டும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு தொடர்ந்து 100 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். 50 தாங்கும் போர்டு என்றால் எதிர்காற்றில் முழு வேகம் வைக்கும் நேரம் பார்த்து அணைந்துவிடும்.

இன்னொன்று, ஆசிட் பேட்டரி சாகும்போது சொல்லிவிட்டுச் சாகும். வோல்டேஜ் இறங்கி மோட்டார் சோர்ந்துபோகும், நமக்குத் தெரியும். லித்தியத்தில் கடைசிவரை வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நிற்கும், பிறகு பொசுக்கென்று போய்விடும். வோல்ட் மீட்டரை நம்பாதீர்கள். ஷன்ட் வைத்த மீட்டர் ஒன்று வாங்குங்கள், எவ்வளவு ஆம்பியர் அவர் வெளியே போனது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். மோட்டாரில் எது குறைந்தாலும் சமாளிக்கலாம், இந்த மீட்டர் இல்லாமல் நான் இப்போது கரையை விட்டுக் கிளம்புவதில்லை.

வேகத்தைப் பற்றி நாங்கள் அளந்து பார்த்ததைச் சொல்கிறேன். காற்று இல்லாத ஒரு காலையில், போனில் வேகம் பார்த்து, கிளாம்ப் மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஓட்டினோம். முழு வேகத்தில் 48 ஆம்பியர், மணிக்கு 6.2 கிலோமீட்டர். கைப்பிடியைத் திருப்பி 20 ஆம்பியருக்குக் குறைத்தால் 4.7 கிலோமீட்டர். கரண்ட் பாதிக்கும் கீழே போய்விட்டது, வேகமோ கால்வாசிதான் குறைந்தது. கிலோமீட்டருக்கு 100 வாட் அவர் தின்ற படகு 55-இல் ஓடியது. தண்ணீரில் வேகத்தைக் கொஞ்சம் கூட்ட நிறைய சக்தி கொடுக்க வேண்டும், அதுதான் காரணம். 2 கிலோமீட்டர் போக முழு வேகத்தில் 19 நிமிடம், 20 ஆம்பியரில் 26 நிமிடம். அந்த ஏழு நிமிடத்துக்காக இரண்டு மடங்கு கரண்டைக் கொட்ட வேண்டாம்.

உங்கள் கணக்கு: சாயங்காலம் வலை விட 4 கிலோமீட்டர், காலையில் தூக்க 4 கிலோமீட்டர். மெதுவாக ஓட்டினால் 440 வாட் அவர். திரும்பும் பாதிக்குக் காற்றை நினைத்து இரண்டு பங்காக வைத்தால் 660. நிஜமான 100 ஆம்பியர் அவர் பேட்டரியில் இது பாதி. மீதிப் பாதி உங்கள் காப்பு. 50 ஆம்பியர் அவர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள், அதில் காப்பே இருக்காது. முழு சார்ஜுக்கு ஒன்றரை யூனிட் கரண்டுக்குள் முடிந்துவிடும். சார்ஜர் மட்டும் லித்தியத்துக்கென்றே இருக்கும் 14.6 வோல்ட் வகையாக இருக்க வேண்டும், இன்வெர்ட்டரில் மாட்டிச் சார்ஜ் ஏற்றாதீர்கள். சித்திரை வெயிலில் கரைக்கு வந்த பேட்டரி கொதித்துக்கொண்டு இருக்கும். நிழலில் வைத்து ஆறவிட்டுப் பிறகு சார்ஜ் போடுங்கள்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஆளும் மோட்டாரும் பின்பக்கம் இருப்பதால் படகின் மூக்கு தூக்கும். பேட்டரியை முன்பக்கம் வைத்தால் சமமாகும், ஆனால் 3 மீட்டர் கேபிள் வேண்டும், போகவர 6 மீட்டர். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரைப் போட்டால் முழு வேகத்தில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே தொலையும், வயர் சூடாகும். 16 ஸ்கொயர் போட்டால் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வெல்டிங் கேபிள் நன்றாக வளையும், அதுவே போதும். கேபிள் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டாமல், கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்து வாங்குங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ். 12 வோல்ட் கையைப் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் ஒரு ஸ்பேனர் இரண்டு முனையிலும் விழுந்தால் ஃபைபர் படகு தீப்பிடிக்க அது போதும்.

கடைசியாக, தண்ணீரைத் தள்ளும் விசிறி. தண்ணீருக்கு அரை அடியாவது கீழே இருக்கும்படி தண்டை இறக்குங்கள், இல்லாவிட்டால் காற்றை உறிஞ்சிக்கொண்டு வெறுமனே சுற்றும். அணையில் நீர்மட்டம் இறங்கி, தண்ணீரில் மூழ்கியிருக்கும் பண்ணவாடி நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும் மாதங்களில், முழுகிக் கிடந்த மரக்கட்டையும் சுவரும் விசிறி உயரத்துக்கு வந்துவிடும். அப்போது தண்டை ஏற்றி மெதுவாகப் போங்கள். இதைவிட மோசம் நரம்பு வலை. அறுந்த நரம்பு விசிறிக்குப் பின்னால், அது மாட்டியிருக்கும் அச்சில் சுற்றிக்கொள்ளும், வெளியே தெரியாது. எங்கள் மோட்டார் ஒருநாள் கரகரத்தது. விசிறியைக் கழற்றினேன். உள்ளே நரம்பு சூட்டில் உருகி, பழுப்பு நிறத்தில் மோதிரம் மாதிரி இறுகிப்போயிருந்தது. அதைக் கத்தியால் கீறி எடுத்தால் அடியில் ஆயில் சீல் கிழிந்திருக்கிறது. மோட்டாரைச் சாய்த்ததும் டீத்தண்ணீர் நிறத்தில் ஒரு டம்ளர் அளவு வடிந்தது. சீல் மாற்றி, கார்பன் பிரஷ் மாற்றி, உலரவைத்து மாட்ட நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் மச்சான் துடுப்புப் போட்டுத்தான் போய்வந்தார்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, விசிறியைக் கழற்றி நரம்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு நட்டு, ஒரு பின், ஐந்து நிமிட வேலை. கல்லில் மோதினால் அந்தப் பின் உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். அதனால் படகின் முன்பலகைக்கு அடியில் ஒரு பவுடர் டப்பாவில் இரண்டு பின், ஒரு நட்டு, ஒரு ஸ்பேனர், ஒரு 60 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக் கட்டிவைத்திருக்கிறோம். துடுப்பும் பக்கத்திலேயே கிடக்கிறது.