கட்டடத்தால இழப்பைச் சொல்ல முடியுமா?
வெறும் கல்லும் கான்கிரீட்டும் எப்படி இழப்பைச் சொல்லும்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா சிலை வைக்கிறதைவிட, இல்லாததுக்கு ஒரு இடம் விட்டு வைக்கிறதுதான் பெரிய வேலை. பெர்லின்ல பேபெல்பிளாட்ஸ்னு ஒரு சதுக்கம், 1933 மே 10 ராத்திரி நாஜிக்கள் புத்தகங்களை எரிச்ச இடம், அங்க 1995ல சிற்பி மிகா உல்மான் தரைக்கு அடியில ஒரு வெள்ளை ரூம் கட்டினார், மேல கண்ணாடி, குனிஞ்சு பார்த்தா சுத்தி அலமாரிங்க மட்டும்தான், சுமார் 20,000 புத்தகம் அடுக்கலாம், ஆனா ஒண்ணுகூட இல்ல. எரிஞ்சது எவ்வளவுன்னு அந்தக் காலித் தட்டுங்களே சொல்லிடுது.

வாஷிங்டன் வியட்நாம் நினைவுச் சுவர் வேற மாதிரி, 1982ல திறந்தது, மாயா லின் டிசைன். பளபளன்னு கருப்பு கிரானைட், அதுல வியட்நாம் போர்ல போன அமெரிக்க வீரர்களோட பேரு, 58,000-க்கும் மேல. அகரவரிசை கிடையாது, யார் எப்போ இறந்தாங்களோ அந்த வரிசை, அதனால ஒரே நாள்ல போனவங்க பேரு பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஒரு பேரைத் தேடி விரலால தடவும்போது அந்தக் கல்லுலயே தடவுறவங்க முகமும் தெரியும், எனக்கு மனசை ரொம்ப பிசையுறது இதுதான்.

குளிரும் வெளிச்சமும்கூட பேசும். பெர்லின் யூத மியூசியத்துல, நாஜிக்கள் கொன்ன யூதர்களோட நினைவா, ஹீட்டர் இல்லாத ஒரு கான்கிரீட் கோபுரம் இருக்கு, உச்சியில ஒரு கீத்து வெளிச்சம், வெளிய ஊர் சத்தம் லேசா கேக்கும், அவ்வளவுதான்.