நகரத்துக்குள்ளயே ஏரிக்கரையில நிதானமா நடந்து பறவை பாக்க நல்ல இடம் எது? உங்க அனுபவம் சொல்லுங்க

மைசூர் குக்கரஹள்ளி கெரே. கெரேன்னா கன்னடத்துல ஏரி. மைசூர்னு சொன்னதும் எல்லாரும் காரஞ்சி ஏரிக்குத்தான் போகச் சொல்வாங்க, போட்டிங் இருக்கு, பெரிய வலைக்கூண்டுக்குள்ள மயில் எல்லாம் இருக்கு, குழந்தைங்களோட போனா அது சரி. ஆனா நடக்கணும், கூண்டு இல்லாம பறவை பாக்கணும்னா என் ஓட்டு குக்கரஹள்ளிக்குதான்.

வேலை மாறி மைசூர் வந்தப்ப சுகர் பார்டர்ல இருக்கு, தினமும் வேகமா நடங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுக்குக் கிட்ட இந்த ஏரி, ஒரு சுத்து 4.5 கிலோமீட்டர் பக்கம் வரும், மண் பாதை, தலைக்கு மேல மரம், சரியாப்போச்சுன்னு போக ஆரம்பிச்சேன். முதல் ஒரு மாசம் ஏரியவே பாக்கல. கையில கட்டியிருந்த வாட்ச்ல எத்தன அடின்னுதான் பாத்துட்டு இருந்தேன்.

ஒரு ஜனவரி காலைல, பனி இன்னும் முழுசா விலகல, தண்ணிக்கு மேல ஒரு பாம்பு தலைய நீட்டிட்டுப் போகுது. உடம்பே தெரியல, கழுத்து மட்டும் வளைஞ்சு வளைஞ்சு நகருது. நான் பதறிப்போய் நின்னத பாத்து எதிர்ல வந்த பெரியவர் ஒருத்தர் சிரிச்சுட்டு "ஹாவக்கி சார், ஹாவக்கி"ன்னாரு. ஹாவுன்னா பாம்பு, ஹக்கின்னா பறவை. நம்ம பாம்புத்தாராதான் அது. அவர் அதோட விடல, "நில்லுங்க, இப்ப மேல வரும்"னு என்னையும் நிறுத்திட்டாரு.

சொன்ன மாதிரியே முங்கிட்டு எழுந்துச்சு, அலகுல ஒரு மீனு குத்தி மாட்டியிருக்கு. தலைய ஒரு வெட்டு வெட்டி மீன மேல தூக்கிப்போட்டு, அது திரும்பி வரும்போது தலைப்பக்கமா புடிச்சு முழுங்கிருச்சு. அப்புறம் ஒரு பட்ட மரத்துல ஏறி ரெண்டு ரெக்கையையும் விரிச்சு அப்படியே நின்னுச்சு, மொட்டை மாடியில வேட்டி காயப்போட்ட மாதிரி. அதோட இறகு வாத்து இறகு மாதிரி இல்ல, தண்ணியில நல்லா நனைஞ்சிரும், நனைஞ்சாதான் மிதக்காம உள்ள முங்க முடியும், அதனாலதான் வெளிய வந்ததும் காயவைக்குதுன்னு பெரியவர் சொன்னாரு. அன்னைக்கு பாதி சுத்துகூட முடிக்கல. சுகர் அன்னைக்கு எவ்வளவு ஏறுச்சோ தெரியாது :)

அதுக்கப்புறம் கூழைக்கடா, அதான் பெலிகன், அந்தப் பைத்தியம் புடிச்சுது. ஏரிக்கு நடுவுல திட்டு இருக்கு, அங்க மரம் எல்லாம் எச்சம் பட்டு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா நிக்கும், அதுலதான் கூட்டமா கூடு கட்டும். அவ்வளவு பெரிய உடம்ப வச்சுகிட்டு மரக்கிளையில உக்காருறதே வேடிக்கைதான். தண்ணியில இறங்கும்போது காலை முன்னால நீட்டி சர்ர்ருனு சறுக்கிட்டுப் போய் நிக்கும். மீன் புடிச்சா உடனே முழுங்காது, தாடைப்பையில தண்ணியும் சேந்து வந்திருக்கும்ல, அலக நெஞ்சோட அழுத்தி வச்சு தண்ணிய வடியவிடும், சாதம் வடிக்கிற மாதிரி பொறுமையா, அப்புறம்தான் தலைய தூக்கும். இத பாக்கவே திட்டுக்கு எதிர்ல இருக்கிற பெஞ்சுல கால் மணி நேரம் போயிரும். மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம், வக்கா, நாமக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் உண்டு, ஒவ்வொண்ணா சொன்னா பதில் முடியாது.

ஏரி தானா உருவானது இல்ல. 1864ல மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்துல பாசனத்துக்குன்னு வெட்டுனது, அப்புறம் ஊருக்குக் குடிதண்ணியும் இதுலேர்ந்து போயிருக்கு. இப்ப மைசூர் யுனிவர்சிட்டியோட மானசகங்கோத்ரி வளாகத்த ஒட்டி இருக்கு, அந்தப் பேர வச்சவர் கன்னடக் கவிஞர் குவெம்பு, அங்க துணைவேந்தரா இருந்தவர். எல்லாம் சொர்க்கம்னு சொல்ல மாட்டேன். தண்ணி சில நாள் பச்சை பெயிண்ட் மாதிரி இருக்கும், வெயில் ஏறுனா ஒரு மூலையில நாத்தம் வரும். போன்ல சத்தமா பாட்டு போட்டுட்டு நடக்கிற ஆளுங்கள கண்டா எனக்கு ஆகாது. ஞாயித்துக்கிழமை போகாதீங்க.

இதுல எனக்கே வெக்கமான விஷயம் ஒண்ணு. என் சொந்த ஊரு மதுராந்தகம் பக்கம். வேடந்தாங்கல் கூப்பிடு தூரம். அங்க பறவைய சுடக்கூடாதுன்னு 1798லயே செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் ஊர்க்காரங்களுக்கு எழுதிக் குடுத்திருக்காரு, எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு எங்க பக்கத்து விவசாயிங்களுக்கு எப்பவோ தெரியும், பறவைங்க பயந்துரும்னு தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காத ஊரு அது. அங்கேர்ந்து வந்த நான் ஸ்கூல் டூர்ல ஒரே ஒரு தடவ போய் புளிசாதம் சாப்பிட்டுட்டு வந்ததோட சரி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பாவ கூட்டிட்டு வேடந்தாங்கல் போனேன். கரையில நின்னு ஆர்வமா "அதோ பாருங்கப்பா, அதுதான் கூழைக்கடா, பை வச்சிருக்கும்"னு ஆரம்பிச்சேன். அவர் கண்ணுக்கு மேல கைய வச்சு ஒரு நிமிஷம் பாத்துட்டு, "கூழைக்கடாவாடா எனக்குக் காட்டுற? அந்தப் பின்னால மரத்துல பாரு, நத்தகுத்தி நாரை எத்தன உக்காந்திருக்குன்னு எண்ணு"ன்னாரு. எண்ணுனேன். முப்பதுக்கு மேல குழம்பிருச்சு.