மலிவான பழைய அறிவியல் புனைவுப் படங்களை இன்றும் ஏன் ரசிக்கிறார்கள்?

எட்ட நினைத்த உயரத்துக்கும் கையிலிருந்த காசுக்கும் இடையிலான தூரம் திரையில் மறைவின்றித் தெரிவதே இவ்வகைப் படங்களின் ஈர்ப்பு என்பது என் கணிப்பு. 1953-இல் பில் டக்கர் இயக்கிய 'ரோபோட் மான்ஸ்டர்' இதற்குச் சிறந்த சான்று. இயந்திர மனிதனுக்குத் தனியே உடை செய்ய வசதியில்லாத நிலையில், சொந்தமாகக் கொரில்லா உடை வைத்திருந்த ஜார்ஜ் பேரோஸ் என்ற நடிகரை அழைத்து, தலையில் கவசம் ஒன்றை மாட்டி, மனித இனத்தை அழிக்க வந்த வேற்றுக்கிரகவாசியாக லாஸ் ஏஞ்சலஸின் பிரான்சன் பள்ளத்தாக்கில் நடமாடவிட்டார்கள். அவனுடைய கருவியிலிருந்து குமிழிகள் பறக்கின்றன! சிரிப்பு வருவது உண்மைதான். ஆனால் வேண்டுமென்றே மோசமாக எடுக்கப்படும் படங்களில் இந்தச் சுவை கிடைப்பதில்லை, ஏனெனில் இங்கே நடிகர்கள் ஒவ்வொரு வசனத்தையும் முழு நம்பிக்கையோடு பேசுகிறார்கள். பின்னாளில் ஆஸ்கர் வென்ற எல்மர் பெர்ன்ஸ்டீனின் பின்னணி இசையும், அந்தக் கொரில்லாவை மாபெரும் அச்சுறுத்தலாகவே நடத்துகிறது.