மூதேவி யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மூன்று தேவியரும் சேர்ந்தவள்தான் மூதேவி என்கிறார்களே, சரியா?

இல்லைங்க. மூதூர், மூதாட்டி, மூதாதை என்பவற்றில் இருக்கிற அதே 'முது'தான் இதிலும் இருக்கிறது. பாற்கடலைக் கடைந்தபோது திருமகளுக்கு முன்னால் வந்தவள் என்பது புராணம், அதனால் மூத்த தேவி. ஜ்யேஷ்டா என்கிற வடமொழிப் பெயருக்கும் மூத்தவள் என்றுதான் பொருள். பெயரில் எந்த வசவும் கிடையாது.

கேள்வி: விடிந்த பிறகும் தூங்கினால் 'மூதேவி' என்று திட்டுகிறார்களே, ஏன்?

இது திருக்குறள் காலத்துத் தொடர்பு. 'மடியுளாள் மாமுகடி' (617) என்கிறார் வள்ளுவர். சோம்பலில் மூதேவி இருக்கிறாள், சோம்பல் இல்லாதவன் முயற்சியில் தாமரையினாள் இருக்கிறாள் என்று அக்கா தங்கை இருவரையும் ஒரே குறளில் வைத்துவிட்டார். சூதையும் முகடி என்கிறார் (936). பொறாமைப்படுகிறவனைத் திருமகள் தன் 'தவ்வை'க்குக் காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்பது 167. தவ்வை என்றால் தமக்கை.

கேள்வி: அவளுக்குக் கோயிலில் சிலை உண்டாமே?

உண்டு, காஞ்சி கைலாசநாதர் கோயிலில் போய்ப் பாருங்கள். பெருத்த வயிறு, காக்கைக் கொடி, ஒரு பக்கம் மாட்டுத் தலையோடு மகன், மறு பக்கம் மகள் என்று குடும்பமாக உட்கார்ந்திருப்பதுதான் அவள் வழக்கமான கோலம். துடைப்பமும் கழுதையும்கூட அவளுக்கு உரியவை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது திருப்பரங்குன்றம். அங்கே 8ஆம் நூற்றாண்டில், பாண்டிய அதிகாரி சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் ஜேஷ்டைக்கும் கோயில் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அரசு அதிகாரி வீட்டுப் பெண்ணே கோயில் கட்டிக் கும்பிட்ட தெய்வம் அவள். இன்று பல ஊர்களில் அந்தச் சிலைகள் வயலிலும் குளக்கரையிலும் பேர் தெரியாமல் கிடக்கின்றன, பார்த்தால் தயவுசெய்து புரட்டிப் போடாதீர்கள்.

கேள்வி: பிள்ளைகள் செய்யும் சேட்டையும் இவள் பெயரா?

இல்லை, அது 'செயல்' என்று பொருள்படும் வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது. ஆனால் ஜேஷ்டையைத் தமிழில் சேட்டை என்றும் எழுதினார்கள். 'சேட்டை தன் மடியகத்துச் செல்வம் பார்த்திருக்கின்றீரே' என்று தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் கடிந்துகொள்வது இந்த மூதேவியை வணங்குகிறவர்களைத்தான். அப்புறம், கேட்டை நட்சத்திரத்தின் பெயரும் ஜ்யேஷ்டாதான்.