டனல் த்ரஸ்டர்: எவ்வளவு முன்னால், எவ்வளவு ஆழத்தில்?

கேள்வி: என்னுடையது 10 மீட்டர் ஃபைபர் படகு. அணியத்தில் (முன்பகுதியில்) 185 மில்லிமீட்டர் விட்டமுள்ள டனல் த்ரஸ்டர், அதாவது படகைப் பக்கவாட்டில் தள்ளித் திருப்ப, குறுக்குக் குழாய்க்குள் ப்ரொப்பெல்லர் வைத்த கருவி, பொருத்தப் போகிறேன். முடிந்தவரை முன்னால் வைக்கச் சொல்கிறார்கள். அங்கே வைத்தால் குழாயின் மேல் விளிம்பு நீர்மட்டத்துக்கு 6 சென்டிமீட்டர் கீழேதான் வருகிறது. பரவாயில்லையா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். முன்னால் வைக்கச் சொல்வதில் தப்பில்லை. படகு திரும்பும் புள்ளியிலிருந்து தூரம் கூடினால் அதே விசைக்குத் திருப்பும் வலுவும் கூடும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தப் புள்ளியிலிருந்து 9 மீட்டரில் வைக்க நினைத்ததை 8.5 மீட்டரில் வைத்தால் இழப்பு 6 சதவீதம்கூட இல்லை. ஆழம் போதாவிட்டால் ப்ரொப்பெல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சும். அப்புறம் சத்தம்தான் வரும், படகு அசையாது. குழாய்க்கு மேலே விட்டத்தில் பாதியளவாவது, முடிந்தால் முக்கால் பங்கு தண்ணீர் நிற்க வேண்டும். உங்களுக்கு அது 9 முதல் 14 சென்டிமீட்டர். தொட்டிகள் காலியாக இருந்து அணியம் தூக்கி நிற்கும்போது அளந்து பாருங்கள்.

பின்னால் போனால் படகு அகலமாவதால் குழாய் நீளும். நீளம் விட்டத்தைப் போல 4 மடங்குக்குள் இருந்தால் கவலையில்லை.

சரி, வெட்டுவது எப்படி? இரண்டு பக்கமும் மையத்தில் சிறு துளை போட்டு நேரான கம்பி ஒன்றை நுழையுங்கள். குழாயின் வெளி ஆரத்துக்குச் சரியாக ஒரு குறிமுள்ளை அதில் பொருத்தி, முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே சுற்றினால் நீள்வட்டம் தானாக விழும். காம்பஸால் வட்டம் வரைந்து வெட்டினால் குழாய் உள்ளேயே போகாது. ஒட்டுமிடத்தில் ஜெல்கோட்டை (ஃபைபரின் பளபளப்பான மேல்பூச்சை) முழுக்கத் தேய்த்தெடுத்த பிறகே கண்ணாடியிழைப் படலங்களைப் போடுங்கள். குழாய் வாயைக் கூராக விடாமல் சுமார் 18 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பில் நீர் சுழித்து விசையைத் தின்றுவிடும்.

கேபிளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 12 வோல்ட் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். கேபிள் தடிமனைத் தீர்மானிக்கும்போது போக, வர இரண்டு நீளத்தையும் கூட்டுங்கள். ஓடும் நேரத்தில் மோட்டார் முனையில் 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கேபிளோ பேட்டரியோ போதவில்லை. பெட்ரோல் ஆவி சேரக்கூடிய அறையென்றால், தீப்பொறி வெளியே வராதபடி மூடப்பட்ட மோட்டார்தான் வேண்டும்.

கடைசியில் ஆன்டிஃபவுலிங் பெயின்ட் (பாசி, சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) அடிக்கும்போது, மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிந்துபோகும் துத்தநாக ஆனோடின் மேல் மட்டும் பூசாமல் விட்டுவிடுங்கள். பூசினால் அது வேலை செய்யாது, கியர் பகுதி அரித்துவிடும்.