நிலத்தை அடகு வைத்து சீட் வாங்காதீர்கள்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ முடித்த மகன் தாத்தாவின் தச்சுப்பட்டறையை விட்டு நகர மாட்டேன் என்கிறான். சொந்தக்காரர்களோ, "உளி பிடித்தது நம்மோடு போகட்டும்" என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு நிலத்தை அடகு வைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் கலங்குவது நியாயம்தான். அவர்கள் சொல்லும் வழி நியாயமில்லை.

உங்கள் மாமனார் ஐம்பது வருடம் உழைத்தும் மிச்சம் பிடிக்கவில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே காரணமும் இருக்கிறது: படம் போட்டது ஒருவர், விலை பேசியது இன்னொருவர், இவருக்கு நாள் கூலி. அவரை வறுமையில் வைத்தது மரம் அல்ல. இந்த வயதிலும் காலையில் எழுந்ததும் பட்டறைக்குப் போகிற மனிதரிடம் பேரன் எதைக் கண்டான் என்று யாராவது அவனைக் கேட்டீர்களா?

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பற்றிப் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். பலருக்கும் தெரியாத வழி ஒன்று மாமல்லபுரத்தில் இருக்கிறது. 1957-இல் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி அது. சிற்பம் என்றதும் கல்தான் நினைவுக்கு வரும். அங்கே மரச்சிற்பத்திலும் பி.எஃப்.ஏ. என்ற நுண்கலைப் பட்டம் படிக்கலாம், 4 ஆண்டு. உளியும் கொட்டாப்புளியும் உங்கள் பையனுக்குப் புதிதல்ல. அவனுக்குப் புதிதாக இருக்கப்போவது கணக்கும் வரைதலும்தான். சிற்ப அளவு முறைகளில் ஒன்றான உத்தம தச தாளம் என்றால் உருவத்தின் உயரம் 124 அங்குலம். இது ஸ்கேலில் இருக்கும் இஞ்சு இல்லை. உருவம் பெரிதானால் அங்குலமும் பெரிதாகும். முகம், மார்பு, முழங்கால் எல்லாம் இந்தக் கணக்கில்தான் அமையும். மரமும் சும்மா விடாது: எது வைரம் (கெட்டியான உள்மரம்), எது வெளிறு (மென்மையான வெளிமரம்), ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் உளி வைத்தால் மூக்கு பெயர்ந்துவிடும். தாத்தாவிடம் வளர்ந்தவனுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

தேர், வாகனம், கோயில் கதவு என்று வேலை இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் பெரம்பலூர் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதனால் பணம் கொட்டும் என்று சொல்ல மாட்டேன். முதல் சில வருடம் கையிறுக்கமாகத்தான் இருக்கும்.

செலவு விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பிடிக்காத படிப்புக்கு அடகு வைத்த நிலம், அவன் அரியர் வைத்தாலும் வட்டி கேட்கும். மரச்சிற்பம் படிப்பது அரசுக் கல்லூரியில். அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பிலிருந்து படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள்.

பொறியியல் கலந்தாய்வில் இந்த பி.எஃப்.ஏ. இருக்காது; கல்லூரிக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் அவனையும் தாத்தாவையும் மாமல்லபுரத்துக்கு அனுப்புங்கள். தினம் ஒரு மணி நேரம் பென்சிலும் பிடிக்கட்டும். வரைவது கசக்கிறது என்றால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பார்க்கலாம். அவனுடைய சித்தப்பா மறுபடி கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேச்சை எடுத்தால், கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள்.